பூட்டக்கா திரும்பச் சேர்த்த பெயர்

எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவரைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் நான். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடத் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுவார். "என் வண்டிக்கும் ஒரு பாஸ்வேர்டு போட்டுக் குடுங்கக்கா" என்று வம்புக்கு இழுப்பேன். "உன் வாய்க்குத்தான் முதல்ல போடணும்" என்பார். நன்றாகச் சிரிக்கத் தெரிந்த மனுஷி.

அடி உதை தாங்காமல் வீட்டைவிட்டு வருகிற பெண்களையும் அவர்கள் பிள்ளைகளையும் தங்கவைக்கும் சின்ன அமைப்பு எங்களுடையது. நான்கு வீடுகள், எதன் வாசலிலும் பலகை கிடையாது. நான் வேன் ஓட்டுகிறேன். சம்பளத்துக்கு இருப்பவர்கள் ஐந்தே பேர், மற்ற எல்லோரும் தன்னார்வலர்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்தப் பிள்ளை எந்தப் பள்ளி, யார் எத்தனை மணிக்குப் போய் அழைத்து வர வேண்டும் என்பதெல்லாம் ஒரே பட்டியலில், பிள்ளைகளின் போட்டோவோடு இருக்கும். தன்னார்வலர்கள் அதைத் தங்கள் போனிலேயே திறந்து பார்த்துக்கொள்வார்கள்.

வந்தவர் யாரையும் நாமாகப் போகச் சொல்வதில்லை என்பது எங்கள் விதி. பெண்களுக்காக ஏற்பட்ட நல்ல விதி. போகப்போக அது தன்னார்வலர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகிப் போனவர், வேறு ஊர் போனவர், சண்டை போட்டுப் போனவர் என்று யார் பெயரையும் பட்டியலிலிருந்து எடுக்க மாட்டோம். எடுத்தால் அவமதிப்பாம். வேலை செய்வது பதினெட்டுப் பேர், பட்டியலைத் திறக்கக்கூடியவர்கள் அறுபது பேர். பூட்டக்கா கூட்டத்துக்குக் கூட்டம் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றினார். எங்கள் தலைவி முன்பு பள்ளியில் வேலை பார்த்தவர். அவரை டீச்சர் என்போம். "நம்பிக்கையிலதாம்மா இந்த இடமே ஓடுது. நம்மளே சந்தேகப்பட்டா எப்படி?" என்று அவர் முடித்துவிடுவார். நாங்கள் தலையாட்டுவோம்.

ஒருநாள் பூட்டக்கா யாரையும் கேட்காமல் நாற்பத்திரண்டு பெயர்களை எடுத்துவிட்டார். மறுநாளே போன் வந்தது. மிட்டாய் என்று நாங்கள் கூப்பிட்ட பெண், நான்கு வருஷம் பிள்ளைகளை ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டவள், குடும்பச் சூழ்நிலையால் நின்றுபோனவள். போனிலேயே அழுதாள். "நான் என்னக்கா திருடியா? பிள்ளைங்க போட்டோவைப் பாக்கத்தானே திறக்கிறேன்." பிறகு டீச்சர் பேசினார். சமையல் பார்ப்பவர் பேசினார். நானும் விடவில்லை. "கூட்டத்துல ஒருத்தர் மட்டும் போலீஸா இருந்தா நமக்கெல்லாம் மூச்சு முட்டுது" என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். மூன்றாம் நாள் அக்கா அந்த ஒரு பெயரை மட்டும் திரும்பச் சேர்த்தார். "சரி போ, அவ நல்ல பொண்ணுதான்" என்றார். நல்ல பெண்தான், அதில் இன்றைக்கும் சந்தேகமில்லை.

அப்போது இரண்டாவது வீட்டில் ஒரு தையல்காரி இருந்தாள். வலது கை விரல் இரண்டு நேராக நீளாது. கணவன் கதவில் வைத்து நசுக்கியது. ஆறு வயதில் ஒரு மகள். அந்தக் குழந்தைக்காகத்தான் அவள் உயிரோடு இருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

மிட்டாய் வீட்டில் அவளுடைய டேப்லெட் எல்லோர் கையிலும் புழங்கும். அவள் தம்பி வேலை செய்யும் கிடங்கில் ஒருவன் தினமும் தன் மகள் போட்டோவைக் காட்டி அழுதிருக்கிறான். பெண்டாட்டி குழந்தையை எங்கேயோ ஒளித்துவிட்டாள் என்றிருக்கிறான். தம்பிக்கு அந்த முகத்தை மிட்டாயின் டேப்லெட்டில் பார்த்த ஞாபகம். ஒரு தகப்பனுக்கு உதவுவதாக நினைத்து, ஒருநாள் அதைக் கிடங்குக்கே எடுத்துப்போய்த் திறந்து காட்டிவிட்டான்.

அன்று பட்டியலில் அந்தக் குழந்தைக்கு நேராக என் பெயர், மூன்று நாற்பது. தையல்காரியின் கணவன் மூன்று இருபதுக்கே பள்ளி வாசலுக்கு வந்துவிட்டான். குழந்தையின் வகுப்பு சொல்லி, பிரிவு சொல்லி, என் பெயரையும் சொல்லி, "இன்னிக்கு அவருக்கு வண்டி ரிப்பேர், நான் அவங்க அப்பா" என்றிருக்கிறான். நான் போய்ச் சேர்ந்தபோது காவலாளி சிரித்துக்கொண்டே, "ரிப்பேர் சரியாயிடுச்சா?" என்று கேட்டார். வகுப்பு வரைக்கும் ஓடிப் பார்த்தேன், குழந்தை இல்லை.

பட்டியலை யார் எப்போது திறந்தார்கள் என்ற விவரத்தைப் பூட்டக்காதான் எடுத்தார். காலை பதினொன்று பத்து, மிட்டாயின் பெயர், மூன்று முறை. கூட்டத்தில் எழுந்து நின்று, "இதைத் திரும்பச் சேத்தது நான்தான்" என்றார். சேர்க்கச் சொல்லி உயிரை எடுத்தது நாங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இன்றுவரை அது எனக்கு வெட்கம். அதற்குப் பிறகு டீச்சர் பட்டியலைத் திறக்கும்போதெல்லாம் பாஸ்வேர்டு கேட்க வேண்டும் என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

போலீசில், "அப்பாதானே கூட்டிட்டுப் போயிருக்காரு, கடத்தலா என்ன?" என்றார்கள். வக்கீல் குறைந்தது நான்கு மாதம் ஆகும் என்றார். தையல்காரி ஒன்பது நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பத்தாம் நாள் காலை தலை சீவி, பையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து பூட்டக்கா முன்னால் உட்கார்ந்தாள்.

"நான் போறேன்க்கா. பிள்ளை அங்க இருக்கும்போது நான் இங்க எதுக்கு?"

"கோர்ட்டு வரைக்கும் பொறுத்துக்கம்மா. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"அதுவரைக்கும் அவளுக்கு யாரு சோறு ஊட்டுவா?"

அக்கா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். போகிறவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. வெளியேறும் காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் அக்காவின் விரல் நின்றுவிட்டது. தையல்காரியே எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"சொந்த விருப்பம்னு போடுங்க. ஒரு காப்பியும் குடுங்கக்கா. நானா வந்தேன்னு அவர்கிட்ட காட்டணும். காட்டினா கொஞ்சம் அடி குறையும்."

அக்கா அப்படியே போட்டார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்.

நான்தான் கொண்டுபோய் விட்டேன். தெருமுனையில் நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டாள். படியில் உட்கார்ந்திருந்த குழந்தை அவளைப் பார்த்ததும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. "அப்பா சொன்ன மாதிரியே வந்துட்டியேம்மா!" என்று கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

திரும்பி வந்தேன். பூட்டக்கா நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. "பிள்ளையைப் பாத்தியா? எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

"சிரிச்சிட்டிருந்தாக்கா" என்றேன்.

அவர் அழுதார். பத்து நாளாக அடக்கியதெல்லாம் வந்தது. நான் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.