தேவையற்றதை அடிக்கவும்

முதல்லயே சொல்லிடறேன், எனக்குச் சுத்தமான தமிழ் நல்லாவே எழுத வரும். யானைக்கவுனி பக்கம் ஒரு பிரஸ்ல பத்தொம்பது வருஷம் ப்ரூஃப் பார்த்தவ நான். கல்யாணப் பத்திரிகை, பில் புக்கு, காரியப் பத்திரிகை, சர்க்கார் ஃபாரம், எதுவும் என் சிவப்புப் பேனாகிட்ட மாட்டாம மெஷினுக்குப் போனதில்ல. ஆனா கோவம் வந்துச்சுன்னா எனக்கு ராயபுரம்தான் வாயில வரும். இந்த விஷயத்த நெனச்சாலே கோவம் வருது, அதனால இது இப்டிதான் இருக்கும். புடிக்காதவங்க இத்தோட நிறுத்திக்கலாம்.

கண்ணு சர்க்கரையால போச்சு. மொதல்ல ஒண்ணு, அடுத்த வருஷமே இன்னொண்ணு. இப்போ ஜன்னல் எந்தப் பக்கம்னு மட்டும் தெரியும். பிரஸ்ல மரியாதையா மால போட்டு, ஒரு சில்வர் குடம் குடுத்து அனுப்புனாங்க.

கண்ணு போனதுல எனக்கு ரொம்ப வலிச்சது இன்னான்னா, எங்க பிளாக்குல யார் வூட்டுக்கு எந்தக் காயிதம் வந்தாலும் என்கிட்டதான் வரும். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு, கோர்ட் நோட்டீஸு, மாதா கோயில்ல இருந்து ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டு. நான் படிச்சு, அர்த்தம் சொல்லி, எங்க கையெழுத்துப் போடணுமோ அங்க பென்சில்ல ஒரு பெருக்கல் குறி போட்டுக் குடுப்பேன். கண்ணு போனப்புறம் ஒருத்தரும் வரல. பழக்கத்துல என் வாசல் வரைக்கும் வந்து, அப்டியே திரும்பிப் போற செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்த இன்னிக்கும் என்னால மன்னிக்க முடியல.

அப்பதான் போன்ல அந்த ஆப்பு வந்துச்சு. கண்ணாஸ்பத்திரில கூட உக்காந்திருந்த ஒரு அம்மா சொல்லிக் குடுத்தாங்க. காயிதத்து மேல போனைப் புடிச்சா, உள்ள ஒரு பொம்பளை படிப்பா. "இடது ஓரம் தெரியவில்லை"ம்பா, கொஞ்சம் நகத்தினா, "அசையாமல் பிடிக்கவும்"ம்பா, அப்பால படிக்க ஆரம்பிப்பா. மொதல் நாள் கரண்ட் பில்ல படிக்க வச்சேன். பேரு, நம்பரு, கடைசி தேதி எல்லாம் கடகடன்னு சொன்னா. நான் கரண்ட் பில்ல மடியில வச்சுக்கினு அழுதேன். அப்புறம் வூட்டுல இருந்த சோப்பு டப்பா, மாத்திரை அட்டை, காலண்டர் ஒண்ணு வுடாம படிக்கச் சொன்னேன். பள்ளிக்கூடம் பக்கமே போவாத எங்க வூட்டுக்காரரு, "அவளுக்கும் தொண்டை வத்திடப்போவுது, வுடுமே" னு சிரிச்சாரு.

காயிதம் எல்லாம் திரும்பி வர ஆரம்பிச்சுது. மொதல்ல வந்தவ எதிர் வூட்டுக்காரி. அவளுக்கு மீன் யாவாரம். விடியறதுக்கு முன்னாடி காசிமேட்டுக்கு ஏலத்துக்குப் போயி, அன்னக்கூடையில வாங்கிக்கினு வந்து, எட்டு மணிக்குள்ள ராயபுரம் தெருவுல சுத்தி வித்துட்டு வந்துடுவா. புருஷன் கெடையாது, தனி ஆளு. கையெழுத்து போடுவா, அவ பேரு அஞ்சு எழுத்து அவளுக்குப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. நான் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போவணும்னா அவ கையப் புடிச்சுக்கினுதான் போவேன். அவ காயிதம் பூராவும் நான் படிப்பேன். எங்களுக்குள்ள கணக்கு அவ்ளோதான்.

போன வருஷம் எங்க பிளாக்க இடிச்சுக் கட்டப்போறாங்கன்னு ஆச்சு. வீட்டுக்கு வீடு ஒரு ஃபாரம். கோயில் மண்டபத்துல டேபிள் போட்டு ஒருத்தன் குந்திக்கினு, ஆளக் கூப்ட்டு, அவனே பேனால நிரப்பிக் குடுத்தான். எதிர் வூட்டுக்காரி அவன்கிட்ட சத்தமாவே சொல்லியிருக்கா, "எனுக்கு இங்கயேதான் வோணும் சார், நான் மீன்காரி, ஹார்பர வுட்டுட்டு நான் எங்க போவேன்"னு. அவன் தலைய ஆட்டிட்டு எழுதியிருக்கான். "படிச்சுப் பாத்து கையெழுத்துப் போட்டு நாளைக்குக் குடு"ன்னு அனுப்பிட்டான்.

அவ ஃபாரத்த நாலா மடிச்சு, ஜாக்கெட்டுக்குள்ள இருக்கிற சுருக்குப் பையில வச்சு எடுத்துக்கினு வந்தா. காயிதம் ஈரமா, மீன் வாடையோட இருந்துச்சு. நான் டேபிள்ல வச்சு உள்ளங்கையால தேய்ச்சு நேராக்கிட்டு, போனைப் புடிச்சேன். பேரு, வூட்டு நம்பரு எல்லாம் சரியா வந்துச்சு. கடைசில ரெண்டு வரி.

"இதே இடத்தில் கட்டப்படும் புதிய குடியிருப்பில் வீடு கோருகிறேன்." அத்த நல்லா, தெளிவாப் படிச்சா.

"அரசு ஒதுக்கும் மா... மாறு... இடத்தில் வீடு பெ... சம்மதி..." இங்க திக்குனா.

அப்பால, "தேவையற்றதை அடிக்கவும்"னு திரும்பவும் தெளிவா வந்துச்சு.

இந்த மூணு வார்த்தை... இல்ல, ரெண்டே வார்த்தை, இத்த நான் என் வாழ்க்கையில எத்தினி ஃபாரத்துல திருத்தியிருப்பேன்! 'தேவையற்றதை' ல ஒற்று வுட்டுப்போச்சுன்னு கம்பாசிட்டர்கிட்ட சண்ட போட்டவ. போன்காரி அச்சைத்தான் படிப்பா, மேல போட்ட பேனாக் கோட்டைப் பத்தி அவ ஒண்ணும் சொல்லமாட்டான்னும் எனக்குத் தெரியும். அதனால உஷாராத்தான் கேட்டேன். "ஏம்மே, அடிச்சுக் கீறானா?"

"அடிச்சுக் கீறான்க்கா. நல்லா நீட்டா, ஸ்கேல் வச்ச மாதிரி ஒரே கோடு."

"அப்ப சரி. போடு கையெழுத்து."

மேலயா கீழயான்னு நான் கேக்கல. கேட்டிருந்தா அவ வெரல வச்சுக் காட்டியிருப்பா. கேக்கல. ஏன்னா எனக்குத் தெரியும்னு நெனச்சேன். போனு கீழ் வரியிலதான திக்குச்சு? கோடு குறுக்க போனதால திக்குது, அப்ப அடிச்சது அதுதான்னு நானே முடிவு கட்டிட்டேன். பத்தொம்பது வருஷம் ப்ரூஃப் பார்த்த மண்டைக்கு அவ்ளோ கொழுப்பு. பென்சில எடுத்து, கையால தடவி, குத்துமதிப்பா ஒரு பெருக்கல் குறி வேற போட்டுக் குடுத்தேன். அவ அஞ்சு எழுத்தையும் நிதானமாப் போட்டா.

ரெண்டு மாசம் கழிச்சு மண்டபத்துச் செவுத்துல லிஸ்ட் ஒட்டுனாங்க. ஒரே கூட்டம். எல்லாரும் என்னை முன்னால தள்ளி, "அக்கா, போனைப் புடி, போனைப் புடி"ன்னாங்க. எனக்கும் பெருமைதான், பொய் சொல்லுவானேன். கைய ஒசத்திப் புடிச்சேன். இங்கயே வூடு கெடைக்கிறவங்க லிஸ்ட்ல என் பேரு வந்துச்சு, பக்கத்து வூட்டுப் பேரு வந்துச்சு. எதிர் வூட்டுக்காரி பேரு வரல. ரெண்டாவது லிஸ்ட்டு, ஊருக்கு வெளிய போறவங்க லிஸ்ட்டு. அதுல மூணாவது பேரா, அப்பன் பேரு, வூட்டு நம்பரோட, அவ பேர ஒரு எழுத்துகூட திக்காம படிச்சா அந்தப் போன்காரி.

பக்கத்துல அவ மூச்சு வுடுற சத்தம் கேக்குது. "இன்னாக்கா, தப்பாப் படிக்குதா?"ன்னு கேட்டா. இன்னொரு வாட்டி புடிச்சேன். இன்னொரு வாட்டியும் அதேதான்.

மறுநாளே ஆபீசுக்குப் போனோம். அவ என் கையப் புடிச்சுக்கினு மாடிப்படி ஏத்துனா. அங்க இருந்த ஆபீசரு ஃபைல எடுத்துப் பாத்துட்டு, அவகிட்ட சொன்னான், "மேல் வரிய அடிச்சிருக்கு. வெளிய போக சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்க. படிச்சுப் பாக்கலையா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். அக்காதான் படிச்சாங்க."

"எந்த அக்கா?"

"நான்தான் சார்"னேன்.

அப்பால நாற்காலி கிறீச்சுன்னுச்சு. அவன் என்கிட்ட பேசல. அவகிட்டதான் பேசுனான். "ஏம்மா, உனக்குப் படிக்கிறதுக்கு வேற ஆளே கிடைக்கலையா?" பக்கத்து டேபிள்ல எவனோ சிரிச்சான். "அவங்களை அப்படி உக்காரச் சொல்லு"ன்னான். நான் என்ன காது கேக்காதவளா? எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம்!

"யோவ், என்கிட்ட பேசு! எனுக்குக் கண்ணுதான் இல்ல, காதும் வாயும் நல்லாக் கீது. இவ இங்கயே வோணும்னு உன் ஆளுகிட்ட வாயால சொன்னா. அவன் வோணும்னு மேல் வரிய அடிச்சுக் குடுத்துக் கீறான். படிக்கத் தெரிஞ்சவங்ககிட்ட இப்டி அடிப்பானா? அவங்க அங்கயே சட்டையப் புடிச்சிருப்பாங்க. தெரியாதவங்களாப் பாத்து அடிச்சுக் கீறான். அந்த ஃபாரத்தக் குடு இப்டி!"

சத்தத்துல பயந்தானோ இன்னாவோ, கைல குடுத்துட்டான். அதே காயிதம்தான், அதே நாலு மடிப்பு. வெரல வச்சுப் பாத்தேன். கீழ் வரி மேல நேரா ஒரு மடிப்பு, ஈரத்துல பஞ்சாட்டம் ஊறிப் போயிருந்துச்சு. போனு திக்குனது அதாலதான். அப்பால காயிதத்தத் திருப்பிப் போட்டேன். பின்பக்கம் வெரல ஓட்டுனேன். மேல் வரி இருக்கிற எடத்துல, அந்தக் கேடுகெட்டவன் பால் பாயிண்ட்டால அழுத்தி இழுத்த கோடு, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் நல்லாப் பொடச்சுக்கினு இருந்துச்சு.

அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு எங்க வூட்டு டேபிள்ல காயிதத்தத் தேய்ச்சு நேராக்குனேன் பாரு, அப்பவே திருப்பித் தேய்க்கும்போது இந்தக் கோடு என் உள்ளங்கைல பட்டுச்சு. மடிப்புன்னு நெனச்சு இன்னும் அழுத்தித் தேய்ச்சேன். ஏசப்பா, என் கை எனக்குச் சொல்லுச்சு. நான் போன் சொல்றத்தக் கேட்டுக்கினு இருந்தேன்.

அந்தாளு "மனு குடுத்துட்டுப் போங்க, பரிசீலனை பண்ணுவாங்க"ன்னான். குடுத்தோம். ஒண்ணில்ல, நாலு மனு. நானே பேசிப் பேசிப் போன்ல எழுதி, பிரிண்ட் போட்டு, அடிக்க ஒரு வரியும் இல்லாம, அவளுக்கு இங்கதான் வூடு வோணும்னு ஒரே வரியா எழுதிக் குடுத்தேன். நாலுக்கும் சீல் குத்தி வாங்கி வச்சுக் கீறேன். பதில் வரல. எங்க போனாலும் "பரிசீலனையில இருக்கும்மா"தான். அந்த வார்த்தையக் கண்டுபுடிச்சவன் எவன்னு தெரிஞ்சா நல்லாக் கேக்கணும்.

இவ என்னை ஒரு வார்த்த திட்டல. அதுதான் எனுக்கு இன்னும் பேஜாரு. "நீதாண்டி கெடுத்தே"ன்னு ஒரு வாட்டி கத்தியிருந்தா, நானும் கத்தியிருப்பேன், ரெண்டு பேரும் அழுதுட்டு முடிச்சிருப்போம். அவ அன்னிக்கும் படியிறங்கும்போது, "பாத்துக்கா, கடைசிப் படி ஒடஞ்சு கீது"ன்னு என் கையப் புடிச்சா.

இடிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் காலி பண்ணோம். நாங்க திருவொத்தியூர்ல வாடகைக்கு வந்துட்டோம், கட்டி முடிச்சா திரும்பிப் போவோம். அவ அன்னக்கூடை, கத்தி, தராசு எல்லாம் மினி வேன்ல ஏத்திக்கினு அவுங்க ஒதுக்குன அந்தூருக்குப் போனா. ரெண்டு பஸ் மாறணும். மொத பஸ் வர்றதுக்குள்ள காசிமேட்டுல ஏலமே முடிஞ்சுடும். இப்போ அங்க ஒரு வூட்டுல பாத்திரம் கழுவுறாளாம். "மீன் வாடையே மறந்து போச்சுக்கா"ன்னு போன்ல சிரிக்கிறா. நான் சிரிக்கல.

நேத்து அவகிட்ட இருந்து வாட்ஸப்புல ஒரு போட்டோ வந்துச்சு. கூடவே வாய்ஸ் மெசேஜு. "யக்கா, மனுவுக்குப் பதிலுன்னு ஒரு ஆளு வந்து ஒரு ஃபாரம் குடுத்துட்டுப் போனான். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம். நீ படிச்சுச் சொல்லு, அப்பதான் போடுவேன்."

என்னை இன்னும் நம்புறா, பாரு.

ஆப்புல போட்டுக் கேட்டேன். எல்லா வரியையும் திக்காம, அழகாப் படிச்சா போன்காரி. 'கோருகிறேன்' வந்துச்சு. 'கைவிடுகிறேன்' வந்துச்சு. கடைசில 'தேவையற்றதை அடிக்கவும்' வந்துச்சு. நான் போன் கண்ணாடிய வெரலால தடவுறேன், தடவுறேன், வழுவழுன்னு இருக்குது. போட்டோவுக்குப் பின்பக்கம் ஏது?

உடனே போன் போட்டேன். "கையெழுத்துப் போடாத. யார் கேட்டாலும் போடாத. கோடு எதுல கீதுன்னு வெரல வச்சு..." ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, எனக்குப் பாக்கத் தெரியாது, நடுவுல ரெண்டு பஸ்ஸு. மேலயா கீழயான்னு அவ சொன்னாலும், என்னாலதான் இனிமே அத்த நம்ப முடியாது.

"அந்தக் காயிதத்த எடுத்துக்கினு நேரா இங்க வா"ன்னேன். "மடிக்காம எடுத்துக்கினு வா."

"நாளைக்கு வேலைக்குப் போலன்னா அந்தம்மா நிறுத்திடுவாங்கக்கா"ன்னா.

"அப்ப நான் வரேன்"னேன். வூட்டுக்காரரு லீவு போட்டாரு. விடிஞ்சதும் கெளம்பிட்டோம், இப்போ மொத பஸ்ல குந்திக்கினு இத்தப் போன்ல பேசி எழுதிக்கினு வரேன். வெரல நல்லாக் கழுவித் தொடச்சுக்கினு வந்து கீறேன்.