கேட்காதவளின் முறை

சண்முகசுந்தரிக்கு நாற்பத்து மூன்று வயது. சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் இருக்கும் பல்கலைக்கழக ஆய்வு மையத்தில், பதினாறு கணினிகளை ஒன்றாகப் பிணைத்து வைத்திருக்கும் கிளஸ்டரைக் கவனித்துக்கொள்வது அவள் உத்தியோகம். சேர்ந்து ஆறு வருஷமாகியும் அந்தக் குளிர் அறைக்குள் நுழையும்போது அவளுக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கும். ஆயிரம் பேர் உட்கார்ந்து ஆயுசு முழுக்கப் போட்டாலும் முடியாத கணக்கை அந்த இரும்புப் பெட்டிகள் சாயங்காலத்துக்குள் போட்டு நீட்டிவிடும். காற்றாலையின் இறக்கையில் காற்று எங்கே அறைகிறது, ஒரு மருந்து உடம்புக்குள் போய் எதைப் பிடித்துக்கொள்கிறது, எல்லாம் அங்கேதான் தெரியவரும். "இந்த ஊர்ல இருந்துக்கிட்டு நான் என்னத்தையெல்லாம் பாக்கேன் பாத்தியளா" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்வாள். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் அவரோ, "காத்து எங்கன அடிக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும்" என்பார்.

ஆராய்ச்சி செய்கிறவர்கள் நாற்பது பேர், பெட்டி பதினாறு. அதனால் எப்போதும் வரிசைதான். அடுத்து யாருடைய வேலை ஓடவேண்டும் என்பதை மாற்றும் அதிகாரம் சுந்தரியின் கையில் இருந்தது. அவள் கறார் பேர்வழி இல்லை. யார் வந்து வாசலில் நின்று "யக்கா, கொஞ்சம் பாத்து விடுங்க" என்றாலும் இளகிவிடுவாள். மருந்து ஆராய்ச்சி முகம்மது அப்சலுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குள் முடிக்கட்டுமே என்று அவன் வேலையை மேலே ஏற்றினாள். காற்றாலைப் பேராசிரியர் செல்வக்குமார் டெல்லியில் கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தது. அவருடையதும் ஏறியது. வருஷாவருஷம் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான் என்பதை மறைப்பானேன்? ஆனாலும் அதற்காக மட்டும் அவள் செய்யவில்லை. மையத்தில் எல்லோரும் அவளைத் தங்கமான மனுஷி என்றார்கள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இயக்குநர் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். கரிவலம்வந்தநல்லூர் வள்ளித்தாய் என்ற ஆய்வு மாணவி எழுதியது. ஆகஸ்டு முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவளுடைய பதிவு ரத்தாகிவிடும். ஆறு வருஷ உழைப்பும் போச்சு. இன்னும் பதினோரு முறை கணினியில் ஓட்டிப் பார்க்கவேண்டியிருக்கிறது, கணினி கிடைக்கத் தாமதமாகிறது, இரண்டு மாத அவகாசம் வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

"அவகாசம் குடுக்க ரூல்ஸ்ல இடமில்ல. ஆனா பதில் எழுதணும். மிஷின் கிடைக்கலங்கது நெசமா?" என்றார் இயக்குநர்.

சுந்தரிக்குச் சுருக்கென்றது. "நான் யாருக்கு சார் இல்லன்னேன்? அந்தப் பிள்ள ஒரு நாளாவது எங்கிட்ட வந்து கேட்ருக்கா?"

அந்தக் கோபத்தோடுதான் போய் கிளஸ்டரின் பழைய பதிவுகளைத் திறந்தாள். வள்ளித்தாய் தன் ஒவ்வொரு வேலைக்கும் பதினெட்டு மணி நேரம் கேட்டிருந்தாள். பதினேழரையில் முடித்திருந்தாள். மற்றவர்கள் எங்கே நடுவில் நின்றுவிடுமோ என்று பயந்து, ஐந்து மணி நேர வேலைக்கு மூன்று நாள் கேட்டு வைக்கிற ரகம். இவள் ஒருத்திதான் வேண்டியதை மட்டும் கேட்டவள். அதற்குக் காத்திருந்தது எவ்வளவு? இருபத்திரண்டு நாள். அடுத்ததற்கு இருபத்தாறு. அதற்கடுத்ததற்கு முப்பத்தொன்று. முன்னேறி வந்த இடத்திலிருந்து மறுபடி மறுபடி கீழே இறக்கப்பட்டிருந்தாள். மூன்று வருஷத்தில் அவளுக்கு முன்னால் செருகப்பட்ட வேலைகள் நூற்று நாற்பது. ஒவ்வொன்றின் எதிரிலும் செருகியவர் பெயர் இருந்தது. சண்முகசுந்தரி, சண்முகசுந்தரி என்று பக்கம் பக்கமாக.

மறுபடி முதல் பக்கத்துக்குப் போய் எண்ணிப் பார்த்தாள். ஒருவரிடமும் கடுமையாக ஒரு சொல் சொன்னதில்லை, இரக்கப்பட்டதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. அந்த இரக்கமெல்லாம் சேர்ந்து, முகம்கூடத் தெரியாத ஒருத்தியின் தலையில் விடிந்திருக்கிறது. நல்லவள் என்று பேர் வாங்குவது இத்தனை சுலபமா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

வரிசையை மிஷினே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று முதல் நாளிலிருந்தே அதற்குள் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் பேராசிரியர்கள் கூச்சல் போட்டதால் அதை நிறுத்தி வைத்தவளும் அவளேதான். இப்போது அதன் விளக்கக் குறிப்பை எடுத்து வரி வரியாகப் படித்தாள். யார் எவ்வளவு ஓட்டினார்கள் என்று மிஷின் நினைவில் வைத்துக்கொள்ளும். நிறைய ஓட்டியவர் கீழே போவார், குறைவாக ஓட்டியவர் மேலே வருவார். இதுவரை அவளுக்குத் தெரிந்ததுதான். அடுத்த வரியில்தான் அசந்துபோனாள். வாரம் ஒன்று கழிந்தால் மிஷின் அந்த ஓட்டத்தில் பாதியை மறந்துவிடும். இன்னொரு வாரம் போனால் மீதியில் பாதியையும் மறந்துவிடும். அதாவது அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டவனும் கொஞ்சம் ஒதுங்கி இருந்தால் போதும், மறுபடி முன்னுக்கு வந்துவிடலாம்.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். மனுஷருக்கு இது வருமா? ஒன்று எல்லாவற்றையும் ஜென்மத்துக்கும் மனசில் வைத்திருப்போம், இல்லையென்றால் வசதியாக மொத்தமும் மறந்துவிடுவோம். நியாயமாக மறப்பதற்கும் ஓர் அளவு உண்டு என்று எங்கேயோ உட்கார்ந்து எவரோ யோசித்திருக்கிறாரே! நினைக்க நினைக்க அவளுக்குக் கண் கலங்கியது. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது, ஆனால் எந்தப் பெட்டியைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

அன்றே பதில் எழுதிக்கொண்டு போனாள். 'கணினி இருந்தது. வரிசையை மாற்றிக்கொண்டிருந்தது நான்' என்று இரண்டே வரி. இயக்குநர் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இத அப்படியே அனுப்பவா?"

"அனுப்புங்க சார். இனிமே வரிசைய மிஷின்கிட்டயே விட்டுருதேன்."

"விடுங்க. செல்வக்குமார நீங்கதான் சமாளிக்கணும்."

ஆடித்தபசு அன்று ஊரே கோயில் பக்கம் திரண்டிருந்தது. மையத்துக்கு விடுமுறை. சுந்தரி மட்டும் காலையில் வந்து, நிறுத்தி வைத்திருந்த ஏற்பாட்டை ஓடவிட்டாள். அடுத்த நொடி திரையில் நாற்பது பேரின் வரிசையும் கலைந்து, தானாக அடுக்கிக்கொண்டது. மேலே இருந்த செல்வக்குமார் அடிக்குப் போனார். கடைசியில் கிடந்த வள்ளித்தாய் உச்சிக்கு வந்தாள். மற்றவர்கள் ஓட்டியதில் நூற்றில் ஒரு பங்குகூட அவள் ஓட்டியதில்லை என்று மிஷினுக்குத் தெரிந்திருந்தது. பதினோரு ஓட்டமும் விடாமல் ஓடினால் ஒன்பது நாளில் முடிந்துவிடும், ஆகஸ்டு முடிய மூன்று வாரம் கிடக்கிறது. சுந்தரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அரைமணி நேரத்தில் போன் அடித்தது. வீட்டிலிருந்தே வரிசையைப் பார்த்துவிட்ட செல்வக்குமார்தான்.

"என்ன சுந்தரி, நம்ம வேல அடியில கெடக்கு?"

"ஆமா சார். மூணு மாசமா நீங்கதான ஓட்டுதிய. ஒரு வாரம் சும்மா இருந்தா மிஷின் பாதிய மறந்துரும்."

"வந்து பேசுதேன்" என்று வைத்துவிட்டார். அடுத்த வருஷக் கையெழுத்து அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் வரிசையைத் தொடவில்லை.

மத்தியானம் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். தபசுக் கூட்டத்துக்கு நடுவில் பஸ் பிடித்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கையில் செல்போனில் அதே வரிசை.

"மேடம், நான் வள்ளித்தாய். என் வேல ஓட ஆரம்பிச்சிருச்சி. நான் ஒண்ணும் செய்யல மேடம். வேற யாருக்கோ உள்ளது தப்பா எனக்கு வந்துட்டோன்னு பதறிப்போய் வந்தேன். நிப்பாட்டிரவா?"

"நிப்பாட்டாத!" சுந்தரி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். "நாங்க எழுதுன கடுதாசி இன்னும் உனக்கு வரல போல. உன் முறதான்ட்டி அது. எப்பவோ வந்திருக்க வேண்டியது, நான்தான் தள்ளித் தள்ளி விட்டுட்டேன். இத்தன வருஷமா ஒரு தடவ வந்து கேட்ருக்கப்பிடாதா?"

வள்ளித்தாய் தயங்கினாள். "நீங்க ரொம்ப நல்லவுகன்னு எல்லாரும் சொல்லுவாங்க மேடம். கேட்டா உடனே போட்டுக் குடுத்துருவியளாம். அப்போ எனக்கு முன்னால நிக்கவுக என்ன செய்வாகன்னுதான் வரல."