பட்டன் பறக்கும் மேனேஜர்

எங்கள் அண்ணிக்கு யார் பெயரும் தெரியாது. அண்ணனின் சலவைக்கடைக்கு வருகிறவர்களைத் துணியை வைத்துத்தான் அடையாளம் சொல்வாள். பாக்கெட்டில் மை கொட்டும் டாக்டர், காலரைக் கடிக்கும் வக்கீல். மூட்டையில் குத்துகிற சீட்டிலும் அதுதான் இருக்கும். "பேரைக் கேட்டா வாயா தேஞ்சுடும், அண்ணி?" என்று நான் கத்துவேன். காதிலேயே வாங்கமாட்டாள்.

எதிர் ஹோட்டலில் சலவைக்குத் துணி வாங்கும் கவுன்ட்டருக்கு ஆள் எடுத்தார்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை. இத்தனை வருஷம் நின்றே தேய்த்த அண்ணிக்கு அதன்மேல் உயிர். ஆனால் இங்கிலீஷ் பேசவேண்டும். மாலை வகுப்பில் சேர்ந்தாள். அங்கே 'ஹூ', 'ஹூஸ்', 'விச்' பாடம் நடந்தது.

"நாம வண்டவாளத்தை எல்லாம் சொல்லிட்டுத்தான் ஆளைக் காட்டுவோம். அவங்க முதல்ல ஆளை நிக்கவெச்சுட்டு, பின்னாடி ஒரு ஹூ போட்டு வண்டவாளத்தைக் கோக்குறாங்க. பாவம், அந்த ஆளு தப்பிச்சு ஓடவே முடியாது!" என்றாள்.

பிடித்தது சனி. தேய்த்துக்கொண்டே மூட்டைச் சீட்டுகளில் இங்கிலீஷில் எழுதிப் பழகினாள். சாயங்காலம் மூட்டை வெளியே போகுமுன் வீட்டு எண் எழுதிய சீட்டாக மாற்றிவிடுவாள். இன்டர்வியூவுக்கு முந்தின நாள், இருந்த படபடப்பில் மறந்துபோனாள். அண்ணனோ கண்ணை மூடிக்கொண்டு அத்தனையையும் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் அண்ணி கிளம்புகிற நேரத்தில் ஹோட்டல் மேனேஜர் சீட்டும் கையுமாக வந்து நின்றார். வேலை கொடுக்கவேண்டியவரே அவர்தான். சீட்டில் 'தி மேனேஜர் ஹூ ஈட்ஸ் டூ மச், ஹூஸ் பட்டன்ஸ் ஃப்ளை' என்று இருந்தது. அளவில்லாமல் தின்கிற, பட்டன் தெறித்துப் பறக்கிற மேனேஜராம்! அடிப்பாவி, வேலை போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணன் மூட்டைக்குப் பின்னால் பதுங்கிவிட்டார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான் சார்." அண்ணி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அப்போ நீங்க யாரு? இங்கிலீஷ்லயே சொல்லுங்க."

அண்ணி அவருடைய சட்டையைப் பார்த்தாள். "ஐ ஆம் தி வுமன் ஹூ புட்ஸ் தெம் பேக்." தெறித்த பட்டனை எல்லாம் திரும்பத் தைத்து வைக்கிறவள் நான்தான் என்றாள்.

மேனேஜர் குனிந்து பட்டன்களைத் தடவிப் பார்த்தார். ஒன்றுகூடக் குறையவில்லை. தைத்துத் தரும்படி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அப்புறம் சிரித்தார் பாருங்கள், தொந்தி குலுங்கக் குலுங்க! நடுப்பட்டன் தெறித்து மேஜைக்கடியில் ஓடியது.

"இன்டர்வியூ முடிஞ்சுதும்மா. திங்கக்கிழமை வந்துடுங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணி மட்டும் மேஜைக்கடியில் குனிந்து பட்டனைத் தேடி எடுத்தாள்.

"ஒரு நிமிஷம் நில்லுங்க சார்" என்று ஊசியில் நூலைக் கோத்தாள்.