ஐம்பதாவது மேற்கோள்

இன்பசேகரன் காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே கைப்பேசியைத் திறந்து ஓர் எண்ணைப் பார்ப்பார். அவருடைய ஆய்வுக் கட்டுரைகளை இதுவரை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று சொல்லும் எண் அது. ராசிபலன் பார்ப்பவர்களை மேடை போட்டுக் கிழிக்கிறவர் அவர். மிஷன் பள்ளி ஆசிரியையான அவர் மனைவி ஆனிமேரி ஒருநாள் கேட்டார்: "காலண்டர்ல பாத்தா மூடநம்பிக்கை, போன்ல பாத்தா ஆராய்ச்சியாங்க?" இன்பசேகரன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

பசுமலைப் பக்கம் ஒரு கல்வியியல் கல்லூரியில் அவர் உளவியல் இணைப் பேராசிரியர். வயது ஐம்பத்தாறு. பேராசிரியர் ஆக வேண்டுமென்றால் ஐம்பது மேற்கோளாவது வேண்டும் என்பது நிர்வாகத்தின் விதி. நேர்காணல் ஜூன் பதினெட்டு. கையில் இருந்தது நாற்பத்தொன்பது. அதிலும் பதினான்கு, அவரே தம்மைக் காட்டிக்கொண்டவை. 'இன்பசேகரன் கூறுவதுபோல' என்று இன்பசேகரன் எழுதியிருந்தார். ஐந்து, வாய்மொழித் தேர்வுக்குப் பயந்த மாணவர்கள் போட்டவை. மீதி முப்பதும் ஒரே கட்டுரைக்கு வந்தவை. ஆறு வருடங்களுக்கு முன், செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிறவர்களின் பிள்ளைகளையும் பசுமலைப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு எழுதியது அது. தறிக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாதிக்கும் ஊக்கம் குறைவு என்பது அதன் முடிவு. அதன் வினாத்தாளின் நம்பகத்தன்மை ஒன்றுக்கு 0.97. அப்படி ஓர் எண்ணைத் துறையில் யாரும் கண்டதில்லை. கண்டவர்கள் சந்தேகப்பட்டிருப்பார்கள், இவர் சட்டம் போட்டு அறையில் மாட்டினார்.

மே மாதக் கடைசியில் ஒரு காலை அந்த எண் ஐம்பது ஆனது. ஐம்பதாவதாக மேற்கோள் காட்டியவர், செல்லூரில் அவர் வினாத்தாள் கொடுத்த பள்ளியின் தலைமையாசிரியர் சிவக்குமார். ஆசிரியர்களுக்கான ஓர் இணைய இதழில் எழுதியிருந்தார். இன்பசேகரன் அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் தங்கள் பெயர் வரும் வரியை மட்டும்தான் தேடுவார்கள். அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு நன்றி சொல்லக் கிளம்பினார்.

தலைமையாசிரியர் அறையில் சோலையம்மாள் என்ற தறித் தொழிலாளியும் அவர் மகள் முத்துமீனாவும் நின்றுகொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்பில் நானூற்றுப் பதினொன்று எடுத்த பெண்ணுக்கு அறிவியல் பிரிவு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். தறி வீட்டுப் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுவார்கள், தேர்ச்சி விகிதம் விழும் என்பது சிவக்குமாரின் வாதம். இன்பசேகரனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க சார். இவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. நானா சொல்றேன்? ஆராய்ச்சி சொல்லுது."

மேசையில் இன்பசேகரனின் கட்டுரை இருந்தது. மூன்றாம் அட்டவணையைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்கள். பிறப்பைக் காட்டிப் படிக்க விடாமல் விரட்டும் வேலையை ஒரு காலத்தில் சாத்திரம் செய்தது. இப்போது அதை அந்த அட்டவணை செய்துகொண்டிருந்தது. மைசூர்பாகு டப்பாவை எங்கே வைப்பது என்று இன்பசேகரனுக்குத் தெரியவில்லை.

முத்துமீனா கட்டுரையை எட்டிப் பார்த்தாள். "இது எங்க அக்கா டிக் அடிச்சதுல்ல? எதிர்சேவை அன்னைக்கு, கடைசி பீரியட்ல. யாருமே கேள்விய வாசிக்கலையாம் சார். அழகரைப் பாக்கப் போகணுமேன்னு மேலருந்து கீழ வரைக்கும் ஒரே கோடா அடிச்சுக் குடுத்துட்டு ஓடிட்டாங்களாம்."

சோலையம்மாள் மகளின் கையைக் கிள்ளினார். ஆனால் இன்பசேகரனுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. சித்திரை மாதம். அழகர் தல்லாகுளத்துக்கு வந்துகொண்டிருந்த மாலை. தெருவில் கொட்டுச் சத்தம். நாற்பது கேள்விகளுக்கும் முதல் கட்டமான 'ஒருபோதும் இல்லை'யிலேயே டிக் அடித்த நூற்று எண்பது தாள்கள். 0.97 அங்கிருந்துதான் வந்திருந்தது. பசுமலைப் பிள்ளைகளோ ஒரு திங்கட்கிழமை காலை மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து நிதானமாக நிரப்பியவர்கள். திருவிழாவை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியவர் என்பதால் நாள் பார்க்காமல் போயிருந்தார். பிள்ளைகள் ஒரேமாதிரி அடித்ததை ஊக்கக் குறைவு என்று எழுதினார். அழகரைப் பார்க்க அவர்களுக்கு எம்புட்டு ஊக்கம் இருந்தது என்று அவர் அளக்கவில்லை.

கட்டுரை தவறு என்று அங்கேயே சொல்லிவிட்டார். சிவக்குமார் அசையவில்லை.

"அச்சுல வந்தத வாயால தப்புங்கறீங்க. வாய்ப்பேச்ச நான் ஃபைல்ல வைக்க முடியுமா சார்? தப்புன்னா அதையும் அச்சுல காட்டுங்க. ஜூன் பத்தோட அட்மிஷன் முடியுது."

கட்டுரையைத் திரும்பப் பெற்றால் முப்பத்தொரு மேற்கோள் போகும். அதோடு பேராசிரியர் பதவியும் போகும். ஜூன் பதினெட்டுக்குப் பிறகு திரும்பப் பெற்றால் என்ன என்று இரண்டு நாள் யோசித்தார். பகுத்தறிவு இருப்பதால் இப்படிப்பட்ட யோசனைகளெல்லாம் தெளிவாகவே வரும். ஆனிமேரியிடம் சொன்னபோது அவர் அரிசி களைந்துகொண்டே, "அந்தப் புள்ளைக்கு அட்மிஷன் பதினெட்டு வரைக்கும் நீளாதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அன்றே இரண்டு பக்கக் கடிதம் எழுதி, அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு அனுப்பினார். மூன்று மணி நேரத்தில் பதில் வந்தது. அவருடைய மதிப்புமிக்க ஆய்வுக் கட்டுரையை இரண்டு வல்லுநர்கள் திருத்தமின்றி ஏற்றுக்கொண்டார்களாம். 'என் கட்டுரை தவறு' என்ற கடிதம், அவருடைய புதிய கட்டுரையாக வெளியானது. சிவக்குமாருக்கு அச்சு போதும். அதைக் கோப்பில் வைத்துவிட்டு முத்துமீனாவுக்கு அறிவியல் பிரிவில் இடம் கொடுத்தார்.

மறுநாள் காலை எண்ணைப் பார்த்தார். ஐம்பத்தொன்று. கடிதத்தில் தவறான கட்டுரையைக் குறிப்பிட்டிருந்தாரே, அது ஒரு மேற்கோளாகிவிட்டது. கட்டுரையும் நீங்காமல் அங்கேயே இருந்தது.

நேர்காணலில் தலைவர் ஐம்பத்தொன்றுக்கு வாழ்த்தினார். இன்பசேகரன் எழுந்து, தவறான கட்டுரைக்கு வந்த முப்பத்திரண்டைக் கழிக்கச் சொன்னார். மிச்சம் பத்தொன்பது, அதிலும் பதினான்கு தாமே என்றும் சொன்னார். நாங்கள் கழிக்கச் சொல்லவில்லையே, பேசாமல் உட்காருங்கள் என்று தலைவர் இரண்டு முறை கெஞ்சினார். மூன்றாவது முறை 'போதாது' என்று குறித்துக்கொண்டார்.

இன்றும் அவர் இணைப் பேராசிரியர்தான். கடிதத்தை இதுவரை யாரும் மேற்கோள் காட்டவில்லை. கட்டுரையை இன்னும் இரண்டு பேர் காட்டிவிட்டார்கள்.

"இன்னைக்குப் பலன் எப்படி?" என்று கேட்டார் ஆனிமேரி.

"ஐம்பத்துமூணு. என் தப்பு நல்லா வளருது" என்றார்.

அந்த இருவருக்கும் கட்டுரை தவறு என்று கடிதம் எழுதினார். ஒருவர் பதில் போடவில்லை. மற்றவர் நன்றி தெரிவித்து, தம்முடைய கட்டுரை ஒன்றை இணைத்து, முடிந்தால் எங்காவது மேற்கோள் காட்டும்படி கேட்டிருந்தார்.