துபாய்க்கு மட்டும் இடமிருந்த கல்

தம்பி, அம்மாவைப் பெயரில்லாமல் படுக்க வைத்தவன் நீதான்.

நான் அப்போது ஓமானில், சோஹார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். நீ துபாயில் ஏசி மெக்கானிக். ஊருக்குப் போய் அம்மாவின் கல்லறைக்குக் கல் பதித்துவிட்டு வந்த கையோடு, பெருநாள் லீவில் என்னைப் பார்க்க பஸ் ஏறி வந்தாய். சோற்றில் கை வைக்கும் முன்பே போட்டோவை நீட்டினாய். கறுப்புக் கிரானைட். அப்பாவின் பெயரைப் போட்டு, அவருடைய மனைவி. நம் இருவர் பெயரைப் போட்டு, இவர்களுடைய தாய். கீழே தங்க எழுத்தில்: அன்பு மகன், துபாய்.

“அம்மைக்க பேரு எங்கல?”

போட்டோவை வாங்கிப் பார்த்தாய். திருப்பி, பின்பக்கமும் பார்த்தாய்.

“கல்லுல எடம் பத்தலக்கா.”

“துபாய்க்கு எடம் இருந்துச்சோ?”

“ஊர்ல எல்லாருக்கும் அம்மைய தெரியும்லா!”

“ஒன்ன மட்டும் தெரியாதோ? லீவு முழுக்க தெருத்தெருவா சென்ட் அடிச்சிட்டுத் திரிஞ்சியே!”

நீ குனிந்து மீன்முள் எடுத்தாய். நான் ஒரு படப் புத்தகத்தை எடுத்து வந்தேன். என் வார்டில் பிள்ளை பெற்ற வெள்ளைக்காரப் பெண் கொடுத்துவிட்டுப் போனது. பழைய ரோமாபுரிக் கல்லறைகளைப் பற்றியது. அந்த ரோமானியர்கள் மகளுக்குத் தனிப்பெயர் யோசிக்கவே சோம்பல்பட்டவர்கள். அப்பாவின் குலப்பெயர்தான், அக்கா தங்கை இருவருக்கும் அதே பெயர். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. என் பேட்ஜில் அப்பா பெயர் முன்னால் அச்சாகிவிட்டது; வார்டே என்னை அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டது. ஆனாலும் அந்தச் சோம்பேறிகள், இருந்த ஒரு பெயரைக் கல்லறையில் வெட்டி வைத்தார்கள். ஒரு மருத்துவச்சியின் கல்லறையில் அவள் முக்காலியில் உட்கார்ந்து பிரசவம் பார்க்கிற காட்சியே இருக்கிறது.

“பாத்தியால? இவா பாத்த வேலையையும் செதுக்கி வச்சிருக்கான். நீ அம்மைக்கு ஒரு மீன்கூடையாவது போட்டியா?”

“அடுத்த லீவுல வேற கல்லு போட்டுருதேன், போதுமா?” என்றாய். இரண்டு லீவு போய்விட்டது. சென்ட் மாறியது, கல் மாறவில்லை.

அந்தக் கூடையைச் சுமந்துதான் அம்மா நம்மைப் படிக்க வைத்தாள். அப்பாவின் மனைவியே என்று கூப்பிட்டு யாரும் அவளிடம் மீன் வாங்கவில்லை. பெயரைச் சொல்லித்தான் வாசலில் நிறுத்தினார்கள்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். அது உன் வேலை. வருகிற கல்லறைத் திருநாளுக்கு நானும் லீவு போட்டிருக்கிறேன். பங்குச் சாமியார் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வருவார். ஊரே மெழுகுவர்த்தியோடு நிற்கும். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நீ பதில் சொல்ல வேண்டும்: இந்தக் கல்லுக்கு அடியில் படுத்திருப்பவளின் பெயர் என்ன?