பாட்டுக்கு அடியில் போன குரல்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினான். உள்ளே ரிக்கார்டு பிளேயர். இப்போது இது திரும்பவும் ஃபேஷனாகிவிட்டதாம். கூடவே ஒரு எல்.பி. இசைத்தட்டு. "எழுபதுகள்ல வந்ததுப்பா, புதுசா போட்டு விட்ருக்காங்க. ராக் பாடுறதுல இந்த ஆள அடிச்சுக்க முடியாது. கேட்டிருக்கீங்களா?" என்று அட்டையை நீட்டினான். தோள்வரை முடி தொங்கும் ஒரு வெள்ளைக்காரர், ஒரு பொட்டலில் செருப்பில்லாமல் நிற்கிறார். 

கேட்டிருக்கிறேனாவது! முதல் பக்கத்தில் ஐந்து பாட்டு, மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம். ஐந்தாவது பாட்டில் அந்த ஆள் தொண்டை கிழியக் கத்தி ஓய்வார், அப்புறம் ஒரு கிடார் மட்டும் கொஞ்ச நேரம் முனகும். அந்த இடம் வந்ததும் நான் எழுந்து போய் பிளேயரை நிறுத்திவிட்டேன். "ஏம்ப்பா, பிடிக்கலையா?" என்றான் மகன். என் உள்ளங்கை இரண்டும் நனைந்திருந்தன. "காலையில பிரஷர் மாத்திரை போட்டீகளா இல்லையா?" என்றாள் மனைவி. இவர்களிடம் என்னத்தைச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பழங்காநத்தத்தில் ஒரு ரிக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். பி.ஏ. வரலாறு படித்தவனுக்கு மதுரை அப்போது தந்த உத்தியோகம் அது. ரிக்கார்டிங் சென்டர் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ஏதோ ஸ்டூடியோ போலத் தெரியும். பத்துக்கு எட்டு அறை, கேசட் பதிய இரண்டு டெக், ஒரு பிளேயர், சுவர் நிறைய இசைத்தட்டுகள், அவ்வளவுதான். நோட்டுத் தாளில் பாட்டுப் பெயர்களை எழுதிக்கொண்டு வருவார்கள், கேசட்டைக் கொடுப்பார்கள், நாங்கள் பதிந்து கொடுப்போம். பட்டியலைப் பார்த்தே ஆளின் நிலைமையைச் சொல்லிவிடுவேன். எல்லாமே டூயட் என்றால் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறான். எல்லாமே சோகம் என்றால் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. இரண்டும் கலந்து வந்தால் இன்னும் பதில் வரவில்லை என்று அர்த்தம்.

ஸ்பிரிட் வாசனை அடித்தால் இன்றைக்கும் எனக்கு அந்த அறைதான் ஞாபகத்துக்கு வரும். ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது கையைத் துடைப்பார்களே, அதே வாசனை. தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு, டெக்கில் டேப் உரசும் ஹெட்டைத் துடைப்பேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. எனக்குப் பிறவியிலேயே பயந்த சுபாவம். எதையும் இரண்டு முறை பார்க்காமல் விடமாட்டேன். அப்படிப்பட்டவன்தான் அந்தக் காரியத்தைச் செய்தான்.

அதற்கு முன்னால் லாக் பற்றிச் சொல்லவேண்டும். கேசட்டின் முதுகில், ஓரமாக, சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் திரும்பப் பதிய முடியாது. இருப்பதைத் தெரியாமல் அழித்துவிடக்கூடாது என்பதற்காக வைத்தது. ஆனால் நம் ஊரில் யார் ஒவ்வொரு தடவையும் புதுக் கேசட் வாங்குவார்கள்? பழைய படப் பாட்டு சலித்ததும் அதையேதான் கொண்டுவருவார்கள். நாங்கள் அந்தக் குழியில் ஒரு துண்டு செல்லோடேப்பை ஒட்டிவிட்டு மேலேயே பதிவோம். நாளுக்கு நாற்பது ஒட்டுவேன். குழியைப் பார்த்தால் கை தானாகச் செல்லோடேப்பைத் தேடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஓர் அக்கா வந்தார். முப்பது வயதிருக்கும். திருநகரைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம், விவசாயம் பார்க்கிற சம்சாரி வீடு. பேர் தெய்வானை. வீட்டுக்காரர் துபாயில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். கடிதம் எழுத அவருக்கு வராது. லீவில் ஊருக்கு வந்த ஆள் ஒருவர் கையில் ஒரு டேப் ரிக்கார்டரையும், ஒரு பக்கம் முழுக்கப் பேசிய கேசட்டையும் கொடுத்தனுப்பியிருந்தார். அந்தக் காலத்தில் வளைகுடாவுக்குப் போனவர்கள் வீட்டில் இது வழக்கம். பேசும் கடுதாசி.

"தம்பி, இது தேஞ்சு போகுமோன்னு பயமா இருக்கு. எங்க அத்தைக்கு தெனமும் சாயங்காலம் மகன் பேச்சக் கேக்கணும். கேக்கலன்னா சோறு எறங்காது. இன்னொண்ணு எடுத்துக் குடுங்க" என்றார். கொஞ்சம் நின்று, "அஞ்சு மாசமா ஒரு தகவலும் இல்ல தம்பி. இது ஒண்ணுதான் இருக்கு" என்றார். சனிக்கிழமை வரச் சொன்னேன்.

அவர் போன கால் மணி நேரத்தில் மெடிக்கல் காலேஜ் பையன் ஒருவன் ஸ்கூட்டரில் வந்து குதித்தான். கையில் இந்த எல்.பி. யாரிடமோ இரவல் வாங்கியது, ஒரு மணிக்குள் திருப்பவேண்டுமாம். "பழைய கேசட்தான் அண்ணே, லாக் ஒடஞ்சிருக்கு, ஒட்டிக்கங்க" என்று மேஜையில் ஒரு கறுப்புக் கேசட்டை வைத்தான். அக்காவின் கேசட்டும் கறுப்பு. அதிலும் லாக் உடைத்திருந்தது. அங்கே துபாயில் யாரோ புண்ணியவான், இது அழியக்கூடாது என்று நினைத்து உடைத்திருக்கிறார்.

எங்கள் பக்கத்துக் கடை வெல்டிங் பட்டறை. பட்டறைக்காரர் கம்பியைத் தொட்டால் கரண்ட் குறைந்து எங்கள் பாடகர்கள் சுருதி இறங்குவார்கள். அன்றைக்கு ஃபியூஸே போய்விட்டது. பிரதி எடுக்கலாம் என்று ஒரு டெக்கில் போட்டு வைத்திருந்த அக்காவின் கேசட், இன்னொன்றில் பையனுடையது, இரண்டையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஓடிப்போய் ஃபியூஸ் போட்டு, திரும்ப வந்து, பையன் கடிகாரத்தைக் காட்டிக் காட்டிப் பேசப் பேச, ஒன்றை எடுத்தேன். குழி தெரிந்தது. ஒட்டினேன். ரிக்கார்டை அழுத்தினேன். இருபத்திரண்டு நிமிஷம் அந்த ஆள் கத்தினார். பதியும்போது பிளேயரில் ஓடுவதுதான் காதில் விழும், அடியில் அழிவது கேட்காது. நான் தலையை வேறு ஆட்டிக்கொண்டிருந்தேன்.

கிடார் முனகி முடிந்தது. நிறுத்திவிட்டு, சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்க, பின்னால் ஓட்ட மறந்து அப்படியே பிளேயை அழுத்தினேன். ஒரு ஆண்குரல், லேசாக இருமிக்கொண்டு, "...மோட்டாரு காயிலு திரும்பக் கருகுச்சுன்னா திருமங்கலத்துலயே கட்டு" என்றது.

அய்யோ என்று கத்திவிட்டேன். பையன் பயந்துபோய் எழுந்துவிட்டான்.

அவனுக்கு அவன் கேசட்டில் எப்படிப் பதிந்து கொடுத்தேன், என்ன சொல்லி அனுப்பினேன், ஒன்றும் நினைவில்லை. கடை ஓனர் காசிம் அண்ணன் சாப்பிட்டு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நல்ல மனுஷர்தான். "விடு மாப்ள. வெயில் சூட்டுல டேப்பு ஒட்டிக்கிச்சுன்னு சொல்லிரு. அந்தப் புள்ளைக்கு என்ன தெரியப்போகுது" என்றார். எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாலு நாளும் அதைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

ஆனால் தூக்கம் வரவில்லை, சோறும் இறங்கவில்லை. அஞ்சு மாசமாகத் தகவல் இல்லாத மனிதர். ஒருவேளை ஆளே இல்லையென்றால்? அப்படியானால் நான் அழித்தது என்ன? புதன்கிழமை தல்லாகுளத்தில் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் கேசட்டைக் கொண்டுபோய், அடியில் இருப்பதை எடுக்க முடியுமா என்று கேட்டேன். "மேல பூசுன சுண்ணாம்பச் சொரண்டுனா பழைய சுண்ணாம்பு தெரியும். இது சுவரு இல்ல தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்படியும் விடவில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வரும் அமைதியில் காதை வைத்து வைத்துக் கேட்டேன். ஓர் இடத்தில் இருமல் கேட்டது. திரும்ப ஓட்டினால் இல்லை. நான்தான் இருமியிருக்கிறேன்.

மிஞ்சியது எட்டு நிமிஷம். மோட்டார், எருமை மாட்டை விற்பது, உரம், கேசட்டைக் கொண்டுவரும் ஆளுக்குச் சாப்பாடு போட்டு அனுப்புவது. அந்த மனிதர் உத்தரவு போடுவதுபோலவே பேசினார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு தெய்வானை அக்கா டவுன் பஸ்ஸை விட்டு இறங்கினார். வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "கடலை புடுங்குனோம் தம்பி. அவிச்சுக் கொண்டாந்தேன்." அதோடு என் ஒத்திகை அத்தனையும் போயிற்று. "அக்கா, நான் அழிச்சிட்டேன்க்கா" என்றேன். காசிம் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. "எத?" என்றார். சொன்னேன். திட்டுவார், அழுவார், ஊரிலிருந்து ஆள் கூட்டி வருவார் என்று என்னென்னவோ நினைத்திருந்தேன். "போடுங்க, கேக்குறேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். பாட்டை ஓட்டித் தள்ளிவிடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினார். இருபத்திரண்டு நிமிஷம், அந்த வெள்ளைக்காரர் கத்துவதையெல்லாம், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியில் அவர் முகம் மாறியதை வைத்துக் குரல் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். அப்புறம், "தம்பி, நான் பேசுனாப் பதியுமா?" என்றார். "அவுக சொன்னது அம்புட்டும் எனக்கு மனப்பாடம். நான் சொல்றேன். அத்தைக்கு மகன் சொன்ன வார்த்தையாச்சும் இருக்கட்டும். தெனமும் நான் வாய்விட்டுச் சொன்னா அழுதுருவேன். ஒரு தடவ சொல்லிர்றேன்."

வெல்டிங் பட்டறைக்கு ஓடி, "அண்ணே, இருபது நிமிஷம் கம்பியத் தொடாதீக, ஒங்க கால்ல விழுறேன்" என்றேன். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் கேட்காமல் டீ குடிக்கப் போய்விட்டார். ஒரு புதுக் கேசட்டைப் போட்டு மைக்கை அக்காவின் முன்னால் வைத்தேன்.

"எம்மா, நான் நல்லாருக்கேன். ஒன் கையால வச்ச கொழம்புதான் நெனப்புல வருது" என்று ஆரம்பித்தார். வீட்டுக்காரர் எங்கெங்கே நிறுத்தியிருப்பாரோ அங்கங்கே இவரும் நிறுத்தினார். இருமலைக்கூட விடவில்லை. அம்மாவுக்குச் சொன்னது முடிந்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "தெய்வான, நீ ஒத்த ஆளா நின்னு வயலையும் பாத்து வீட்டையும் பாக்குற. நேருல இருக்கயில ஒரு வார்த்த ஒன்னையப் பத்தி நான் நல்லதாச் சொன்னதில்ல. ஒனக்கு எம்புட்டுக் கஷ்டம் குடுத்திருக்கேன்னு இங்க வந்தபெறகுதான் தெரியுது. மனசுல வச்சுக்காத." தன்னுடைய பேரைத் தானே கூப்பிட்டுத் தனக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லாமல் டெக்கின் மீட்டரில் ஊசி ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்ததும், மிஞ்சிய எட்டு நிமிஷத்தை அதன் பின்னால் சேர்த்துக் கொடுத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாரேன் தம்பி, கடலையத் தின்னுருங்க" என்று பஸ் ஏறிப் போனார்.

அதற்கப்புறம் நான் பட்டபாடு கொஞ்சமல்ல. துபாயில் விபத்து என்று பேப்பரில் எங்கே வந்தாலும் பேர்களைத் தேடுவேன். திருநகர் பஸ் நின்றால் இறங்குகிறவர்களை எட்டிப் பார்ப்பேன். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அதே அக்கா இறங்கினார். பின்னால் கன்னம் ஒட்டிப்போன ஒரு மனிதர். அந்த ஆள்தான்! உயிரோடு! அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அப்போதும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கம்பெனியை மூடிவிட்டுப் போய்விட்டார்களாம். பாஸ்போர்ட்டும் கையில் இல்லை, தகவல் சொல்ல வழியும் இல்லை. எப்படியோ வந்து சேர்ந்துவிட்டார். அவர் அடிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, இவ பேசுன கேசட்டக் கேட்டேன். நான் இப்புடியா பேசுனேன்? எனக்கு மோட்டாரும் எருமையுந்தான் நெனவிருக்கு. மனசுல வச்சுக்காதன்னு சொன்னேனாம். நான் இவகிட்ட அப்புடியெல்லாம் பேசுற ஆளு இல்ல தம்பி. சொன்னீகன்னு இவ சாதிக்கிறா. அம்மாவக் கேட்டா, ஒன் கொரலத்தான் கேட்டேன், வார்த்தைய ஆரு கவனிச்சாங்குது. பதிஞ்ச ஆளு நீங்க, நான் பேசுனத மொதல்லயே கேட்டிருப்பீகல்ல?"

அக்கா சுவரில் இருந்த இசைத்தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"கேட்டேன்ணே" என்றேன். "சொன்னீக. ஒரு வார்த்த மாறாம அக்கா அப்புடியேதான் பேசுனாக."

அவர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்துகொண்டார். "அப்ப சொல்லியிருப்பேன்" என்றார். அப்புறம் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "சொன்னதுதான். இருக்கட்டும்" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது நன்றியா, இல்லை, கேட்காததைக் கேட்டேன் என்று நீ ஏன் பொய் சொல்கிறாய், அவர் நிஜமாகவே சொன்னார் என்ற கோபமா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். காசிம் அண்ணன் காலமாகிவிட்டார். அந்த ஊருக்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது விசாரித்தேன். இரண்டு பேருமே இப்போது உயிரோடு இல்லை என்றார்கள். அந்த மனிதர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள ஊரிலேயே ஒரு கேசட்தான் இருந்தது. அதில் அழிந்த இருபத்திரண்டு நிமிஷத்தில் ஒரு வார்த்தையைக்கூட நான் கேட்கவில்லை.