இறக்கத்தில் மடியும் முட்டி

"நடக்கறதுக்கு இன்னாத்துக்குடி பிளேனு? அதுக்குத் தொணையா நீ வேற. ரெண்டு பேரும் நடந்தே போய்ட்டு வந்துடுங்களேன்."

தாய்மாமன் என்னிடம் இப்படிக் கேட்டபோது வீடே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். என் தங்கை சிரிக்கவில்லை. அவளை மாமா மகனுக்குக் கேட்டு வைத்திருந்தார்கள். பாங்காக்கில் நடக்கும் வேக நடைப் போட்டியில் பதக்கம் வாங்கினால் அரசு வேலைக்கு வழி உண்டு என்று பயிற்சியாளர் சொல்லியிருந்ததால், அப்பா ஒரு தவணை கொடுத்திருந்தார். "ஜெயிச்சா நட. இல்லன்னா தை மாசம் கல்யாணம்."

மலை மேலிருக்கும் நெல்லிவாசல்நாட்டில் எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். படித்து முடித்து மலையடிவாரத்து ஒடுகத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். தங்கையை விளையாட்டு விடுதியில் சேர்த்தது நான்தான். அவளோடு யாராவது விமானம் ஏறுவதென்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டும் என்ற திமிர் எனக்கு இருந்தது. இன்றும் இருக்கிறது.

பாங்காக்கில் அவளை அணியோடு ஒரு பெரிய ஓட்டலில் தங்க வைத்தார்கள். பயிற்சிக்குத் தவிர வெளியே விடவில்லை. நான் ஒரு சந்துக்குள் மலிவான அறையில் இருந்தேன். "ஊரு எப்டிக்கா கீது? எனக்கு ஜன்னல்தான் தெரியுது" என்றாள் போனில். அதனால் அவளுக்கும் சேர்த்து நான் ஊரைப் பார்த்தேன். தலைக்கு மேல் ஓடும் ரயிலில் ஏறினேன். கால்வாய்ப் படகில், அழுக்குத் தண்ணீர் மேலே தெறிக்காமல் எல்லோரும் சேர்ந்து இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் திரையை நானும் பிடித்தேன். புளியம்பழத்தை அழகான பெட்டியில் அடுக்கி விற்றார்கள். வீடியோ அழைப்பில் ஒன்றை உடைத்துத் தின்று காட்டினேன். "இனிக்குதுடி." "பொய் சொல்லாத" என்று திரையில் சிரித்தாள். அந்த ஊரில் அவள் சிரித்தது அப்போதுதான்.

அன்று சாயங்காலம் போட்டி நடக்கப்போகும் சாலைக்குப் போனேன். பூங்காவைச் சுற்றும் சாலை, ஓரிடத்தில் பாலத்துக்கு அடியில் சரிந்து இறங்கி மறுபடி ஏறியது. பெரிய சரிவில்லை. ஆனால் இறங்கும்போது என் முட்டிகள் தாமாக மடிந்தன.

வேக நடையில் அது குற்றம். முன்னே வைக்கும் கால் தரையைத் தொட்டதிலிருந்து, உடம்பு அதற்கு நேர் மேலே வரும்வரை முட்டி மடியக் கூடாது. மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை கொடுத்தால் வெளியே போக வேண்டும். நாங்களோ சாமை மூட்டையும் புளி மூட்டையும் தலையில் வைத்து மலை இறங்கியவர்கள். இறக்கத்தில் முட்டியை விறைத்தால் மூட்டையோடு உருள வேண்டியதுதான். நடக்கப் பழகியபோதே அம்மா முதுகில் தட்டித் தட்டி மடக்க வைத்த முட்டி இது.

உடனே அவளுக்குப் போன் செய்தேன்.

"தெரியும்க்கா. சாரு கூட்டினு போய் காட்னாரு. பழகிட்டேன்."

"சோர்ந்து போனா மறந்துடுவடி."

"நீ வேற பயமுறுத்தாத."

மறுநாள் விடியற்காலையில் அந்த இறக்கத்திலேயே போய் நின்றேன். முதல் சுற்றுகளில் கம்பி போல் இறங்கினாள். முன்னால் போன கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. அவள் வாய் திறந்துகொண்டது. அடுத்த சுற்றில் பாலத்தடி வந்தபோது அவள் இடுப்பு கொஞ்சம் தாழ்ந்தது. தலையில் மூட்டை இல்லை, ஆனால் மூட்டை இருப்பவள் போலவே இறங்கினாள்.

"முட்டி! முட்டி!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் கேட்டது. நிமிர்ந்தாள். அதற்குள் ஒரு நடுவர் சிவப்பு அட்டை எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த சுற்றில் இன்னொருவர். அதன்பிறகு அவள் பயந்து பயந்து கால் வைத்தாள், பின்தங்கினாள், எட்டிப் பிடிக்கப் பார்த்தாள், மறுபடி மடிந்தது. தலைமை நடுவர் அவள் முன்னால் சிவப்புத் தட்டியை நீட்டினார். அவள் சாலையோரம் வந்து நெஞ்சில் குத்தியிருந்த எண் தாளைக் கழற்றினாள். அழவில்லை. தன் முட்டியையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவளை வெளியே விட்டார்கள். நான் பார்த்த இடங்களுக்கெல்லாம் கூட்டிப்போனேன். எதையும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. படகில் இருந்தபோது மாமாவின் குரல் செய்தி வந்தது. நான் தனியாகக் கேட்டிருக்கலாம், ஆனால் என் போன் அவள் கையில் இருந்தது. பின்னால் யாரோ சிரிக்கும் சத்தத்தோடு மாமா கேட்டார்: "இன்னாடி, நடக்கவே தெர்லன்னு வெளிய அனுப்சிட்டாங்களாமே?"

அவள் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் படகின் பிளாஸ்டிக் திரையை இழுத்துப் பிடித்தாள்.

ஊர் திரும்பியதும் அப்பா அவளை விடுதிக்கு அனுப்பவில்லை. மாமா வீட்டிலிருந்து வெற்றிலை பாக்கு மாற்ற நாள் குறித்தார்கள். "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். "இன்னா சொல்றதுக்கா" என்றாள். அது சம்மதமில்லை என்று எனக்குத் தெரியும். மறுபடி நடப்பாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஒடுகத்தூரில் ஒரு அறை வாடகைக்குப் பிடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் மலையேறினேன். அம்மா உள்ளேயே இருந்துகொண்டாள். அப்பா வாசலில் நின்றார்.

"அவள கூட்டினு போனா நீயும் இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத."

"சரிப்பா" என்றேன். தங்கையின் பையை ஜீப் மேல் தூக்கிப் போட்டுவிட்டு, அவளை முன்னால் ஏறச் சொன்னேன்.